மண்டபம் பார்க்க இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். மாப்பிள்ளை கெடாவில் சுங்கை பட்டாணி, அரசாங்கப் பள்ளியில் ஆசிரியர். பரிசம் போட்டு மூன்று மாதம் ஆகிறது, தையில் கல்யாணம். இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. அவருக்குப் பினாங்கில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டலில் வைக்க ஆசை. எனக்கு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி ஏற வேண்டும். அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் எல்லோரும் சம்பளத்தில் மாதாமாதம் கொடுத்துக் கட்டிய கோயில் அது. சித்தப்பாவும் மாமாவும் ஈப்போவில் ஏர்கோன் போட்ட மண்டபம்தான் வசதி என்கிறார்கள். சரி, மூன்றையும் நேரில் பார்த்துவிடலாம், பினாங்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று அவர் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார்கள். "தாலி ஏறுவதற்கு முன்னால் சேர்ந்து ஊர் சுற்றினால் நாலு பேர் என்ன பேசுவார்கள், ஹோட்டலில் சோதனை வந்து பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. – பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: போய்ப் பாருங்கள் தங்கச்சி. இரண்டு பேரும் நேரில் பார்க்காத இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள், போனில் வருகிற படத்தைப் பார்த்து எந்த மண்டபத்தையும் பிடிக்காதீர்கள். ஆனால் அம்மா அழுதுகொண்டிருக்கும்போது காரில் ஏற வேண்டாம்.

முதலில் அந்தச் சோதனை பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். கல்வத், அதாவது மணமாகாத ஆணும் பெண்ணும் தனித்திருப்பது என்கிற குற்றம் ஷரியா சட்டத்தில் இருப்பது, அது முஸ்லிம்களுக்கு மட்டும்தான். 27 வயதுப் பெண்ணும் அவளை மணக்கப் போகிறவரும், இரண்டு பேரும் இந்துக்கள், அந்தச் சட்டத்தில் உங்களுக்கு எதுவும் இல்லை. இதை அம்மாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் அம்மாவின் முகம் மாறாது, ஏனென்றால் அவர்கள் பயம் சட்டத்தைப் பற்றியது இல்லை. அம்மா லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும், பலகைச் சுவர். அங்கே ஒரு பெண்ணின் பரிசம் கலைந்து போனால் பையனைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள், பெண்ணைப் பற்றி அவள் தங்கைக்கு வரன் பார்க்கும் வரை பேசுவார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். அது நியாயமா என்றால் இல்லை. ஆனால் அந்தப் பயத்தோடு இத்தனை வருஷம் உங்களை வளர்த்தவர்களிடம் "காலம் மாறிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

அதனால் ஒரே பயணமாகப் போகாமல் இரண்டாகப் பிரியுங்கள். ஈப்போ உங்களுக்கு அரை மணி, முக்கால் மணி தூரம்தான், அந்தப் பயணத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பின் சீட்டில் உட்காரட்டும். மண்டபத்தைப் பார்த்த கையோடு கல்லுமலைக் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் பட்டுப்புடவை விலையும் விசாரித்துவிட்டு வாருங்கள். தன் வருங்கால மருமகன் எப்படிப் பேசுகிறார், எப்படிக் கார் ஓட்டுகிறார் என்று ஒரு முழு நாள் பக்கத்திலிருந்து பார்த்தால் பாதி பயம் அங்கேயே இறங்கிவிடும். இரண்டாவது பயணம் பினாங்குக்கு, அது உங்கள் இருவருக்கும். கோலகங்சார் போய் நெடுஞ்சாலை ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பாலத்தைப் பிடித்துவிடலாம். விடிகாலையில் கிளம்பினால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம், தங்க வேண்டிய அவசியமே இல்லை. தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பட்டர்வொர்த்தில் சின்னம்மா, அத்தை என்று யாராவது இருப்பார்கள், அங்கே தங்குங்கள். இதை அம்மாவிடம் கேட்க வேண்டியது நீங்கள் இல்லை. அவர் வந்து வீட்டில் உட்கார்ந்து, "அத்தை, காலையில் கூட்டிக்கொண்டு போகிறேன், ராத்திரி ஒன்பது மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்" என்று அவர் வாயால் சொல்லட்டும். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேருங்கள், நெரிசலில் மாட்டினால் உடனே போன் போடுங்கள்.

போகும்போது அவரைக் கவனியுங்கள், அவரும் உங்களைக் கவனிக்கட்டும். ஒரு லாரி குறுக்கே வந்தால் வாயில் என்ன வருகிறது? உங்களுக்குப் பசிக்கிறது என்றால் வண்டி நிற்கிறதா, "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று போய்க்கொண்டே இருக்கிறதா? மண்டபத்துக்காரர் விலை சொன்னதும் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா, தன் வீட்டுக்குப் போன் போடுகிறாரா? பரிசத்தன்று ஜிப்பா போட்டு மணையில் உட்கார்ந்திருந்தவரிடம் இதெல்லாம் தெரிந்திருக்காது.

இப்போது இடத்துக்கு வருகிறேன். என் மகள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அழகான மண்டபம், இரண்டாவது மாடி, லிப்ட் இருக்கிறது என்றார்கள், நானும் நம்பினேன். அன்றைக்குப் பார்த்து லிப்ட் ஓடவில்லை. 78 வயதான என் அத்தையை இரண்டு பையன்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தை இரண்டு கையாலும் புடவையை முழங்காலுக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "என்னால உங்களுக்குச் சிரமம்பா, என்னால உங்களுக்குச் சிரமம்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. என் மகளைத் தூக்கி வளர்த்த கை அது. அதிலிருந்து யார் வீட்டுக்கு மண்டபம் பார்க்கப் போனாலும் நான் முதலில் படியைத்தான் எண்ணுகிறேன்.

அதனால் மூன்று இடத்தையும் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரப் போகிறவர்களை எழுதுங்கள். தோட்டத்திலிருந்து எத்தனை பேர், அதில் 60 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், கார் இல்லாதவர்கள் யார், செம்பனையில் நாள் சம்பளத்துக்குப் போகிறவர்கள் யார். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறவரைப் பினாங்குக்கு வரச் சொன்னால், வருகிற செலவும் மொய்யும் போக இழந்த சம்பளமும் சேர்கிறது. அவர் வர முடியாமல் போனாலும் காரணத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்.

பினாங்கு ஹோட்டலில் நான் முதலில் கேட்கச் சொல்வது ஹோமம். கூரையில் புகை உணர்கிற கருவியும் தண்ணீர் தெளிக்கிற குழாயும் இருக்கிற ஹாலில் அக்னி வளர்க்க விடுவார்களா, எவ்வளவு நேரம், யார் அனுமதி கொடுப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். கற்பூரம், தேங்காய் உடைப்பது, மேளம், நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வெளிச் சமையலை உள்ளே விட மாட்டேன் என்று பல ஹோட்டல்கள் சொல்லிவிடும், அப்போது வாழையிலைச் சாப்பாடு நடக்காது. இன்னொன்று, நீங்கள் தை என்கிறீர்கள். தைப்பூசமும் அதில்தான் வரும், பினாங்குத் தண்ணீர்மலைக்குக் கூட்டம் அலைமோதும். சீனப் புத்தாண்டும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான், நெடுஞ்சாலை நகராது, அறை வாடகை ஏறிவிடும், சாமான் வாங்குகிற கடைகள் பாதி மூடியிருக்கும். தேதியைக் குறித்துவிட்டு இடம் தேடாதீர்கள், நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் கிழமை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பேராக்கில் சனியும் ஞாயிறும். ஞாயிறு முகூர்த்தம் என்று நம் பக்கம் வசதியாகக் குறித்துவிட்டால் மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஆசிரியர்களுக்கு அது பள்ளி நாள். சனிக்கிழமை ஒன்றுதான் இரண்டு பக்கமும் பொதுவாக இருக்கிறது. ஐயரிடம் முகூர்த்தம் கேட்கும்போதே சனிக்கிழமைகளைக் குறித்துக் கொடுத்துக் கேளுங்கள்.

ஈப்போ மண்டபத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் விருந்து ராத்திரி என்றால் ராத்திரியில் போங்கள், வேறொரு கல்யாணம் நடக்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. கார் நிறுத்த இடம் தேடி எத்தனை பேர் சுற்றுகிறார்கள், கழிவறையில் ஒன்பது மணிக்குத் தண்ணீர் வருகிறதா, கடைசி வரிசையில் உட்கார்ந்தால் மணவறை தெரிகிறதா, தூண் மறைக்கிறதா என்று பாருங்கள். ஏர்கோன் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு, அதே நாள் காலையில் இன்னொரு கல்யாணத்துக்குக் கொடுத்திருக்கிறார்களா, அப்படிக் கொடுத்திருந்தால் உங்கள் அலங்காரக்காரர் எத்தனை மணிக்கு உள்ளே நுழையலாம், முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும், எல்லாம் ரசீதிலேயே இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு வேண்டாம்.

உங்கள் தோட்டக் கோயிலுக்கும் இதே கண்ணோடுதான் போக வேண்டும், சொந்தக் கோயில் என்று விட்டுவிடாதீர்கள். சாலை தோட்ட நிர்வாகத்துடையது என்றால் ஆபீசில் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மழை பெய்தால் செம்மண்ணில் சின்னக் காரெல்லாம் சிக்கிக்கொள்ளும், செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி எதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. கழிவறை எத்தனை, மின்சாரம் தாங்குமா, ஜெனரேட்டர் வேண்டுமா, கெனப்பிக் கூடாரம் போட்டால் எத்தனை நாற்காலி கொள்ளும், இதெல்லாம் கோயில் தலைவரோடு நின்று பேசுங்கள்.

ஆனால் அவரை அந்தக் கோயிலுக்குக் காலை ஏழு மணிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். செம்பனைக்கு நடுவில் வெயில் சாய்வாக விழுகிற நேரம். உபயம் என்று தூணிலோ சுவரிலோ பெயர் பொறித்திருந்தால் உங்கள் அப்பாவின் பெயரைத் தேடி அவரிடம் காட்டுங்கள். "எனக்குத் தோட்டக் கோயில்தான் வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால் அது அவருக்கு ஒரு பிடிவாதமாகத்தான் தெரியும், அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். கடலோரத்தில் ஏன் ஆசை என்று அவரிடமும் கேளுங்கள், அதற்கும் ஒரு கதை இருக்கும், அதைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

என் யோசனையைக் கேட்டால், தாலி காலையில் தோட்டக் கோயிலில், ராத்திரி விருந்து ஈப்போவிலோ டவுனிலேயோ கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரு மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டு விருந்து அடுத்த வாரம் சுங்கை பட்டாணியில். பினாங்குக் கடலுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்கப் போங்கள், முடிந்த பிறகு தங்கப் போங்கள். அப்போது அம்மாவே உங்களுக்குப் புளிச்சாதம் கட்டிக் கொடுப்பார்கள்.

கேள்வி: நாங்கள் மாப்பிள்ளை வீட்டார், கூலிம். பெண் வீட்டுக் கல்யாணம் பேராக்கில் ஒரு தோட்டத்துக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக பஸ்ஸுக்கு யார் கொடுப்பது? பெண் வீட்டார் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. – ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற பஸ் உங்கள் செலவு, அதைப் பெண் வீட்டார் பேசவில்லை என்று மனதில் வைக்காதீர்கள். அவர்கள் கோயில், பந்தல், காலைப் பசியாறல், இலைச் சாப்பாடு எல்லாம் பார்க்க வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது நேரம். முகூர்த்தம் ஒன்பது மணி என்றால் அஞ்சு மணிக்குப் பஸ் கிளம்பினால்தான் வழியில் ஓய்வுத் தளத்தில் ஒரு தடவை நின்று, பெரியவர்கள் முகம் கழுவி, பெண்கள் பூ வைத்துக்கொண்டு ஏற முடியும். ஆளுக்கு ஒரு நாசி லெமாக் பொட்டலமும் தண்ணீரும் பஸ்ஸிலேயே வைத்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் கோயிலுக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாகிவிடும். பெரிய பஸ் தோட்டத்துக்குள் திரும்புமா என்று பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே கேளுங்கள், திரும்பாது என்றால் மெயின் ரோட்டிலிருந்து வேன் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், அந்தச் செலவைப் பாதிப் பாதி பேசலாம். அழைப்பிதழில் வழி போடும்போது போன் வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம், செம்பனைத் தோட்டத்துக்குள் அது ஏதோ ஒரு பாதையில் கொண்டுபோய் விட்டுவிடும். டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்கிற ஓர் இடத்திலிருந்து வழி எழுதச் சொல்லுங்கள். சுங்கை சிப்புட் என்றால் துன் சம்பந்தன் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையைத் தெரியாதவர் யார்?

கேள்வி: பதிவுத் திருமணச் சான்றிதழ் இல்லாமல் கோயிலில் தாலி கட்ட முடியாது என்கிறார்கள். என் பாட்டி பதிவே இல்லாமல்தானே கல்யாணம் செய்தார்? எங்களுக்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்? – ஒரு வாசகர், தாப்பா

பதில்: பாட்டி கல்யாணம் செய்த காலத்தில் சட்டம் வேறு, தம்பி. 1976-ஆம் ஆண்டின் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணம் பதியாமலே செல்லும். அதற்குப் பிறகு தாலி மட்டும் கட்டினால் சட்டத்தின் முன் நீங்கள் கணவன் மனைவி இல்லை. தயவுசெய்து இதை அலைச்சல் என்று நினைக்காதீர்கள். புருஷன் போன பிறகு சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புப் பணத்துக்கும் சேமநிதிக்கும் சான்றிதழ் இல்லாமல் கவுண்டர் கவுண்டராக நின்ற பெண்களைத் தோட்டங்களில் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை விஷயம் அதைவிடக் கஷ்டம். பதியாத தாய் தகப்பனுக்குப் பிறக்கிற பிள்ளைக்குச் சட்டம் தாயைத்தான் பார்க்கும், அந்தத் தாயிடம் நிரந்தரவாசிகளுக்குத் தருகிற சிவப்பு அடையாள அட்டை என்றால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும்.

இரண்டு பேரும் சேர்ந்து தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் விண்ணப்பியுங்கள். சட்டத்தில் 21 நாள் அறிவிப்பு இருக்கிறது, அறிவிப்புப் போட்ட ஆறு மாதத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும், தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு சாட்சி வேண்டும். மணமக்களில் யாருக்காவது 21 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். சில கோயில்களில் துணைப் பதிவாளர் இருக்கிறார், அங்கே பதிவையும் தாலியையும் ஒரே நாளில் முடிக்கலாம். உங்கள் கோயிலில் அந்த வசதி உண்டா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள், அடையாள அட்டையில் பெயர் எழுத்து பிறப்புப் பத்திரத்தோடு ஒத்துப்போகாத ஆட்கள் நம்மிடையே நிறைய, அதைத் திருத்தவே நாள் பிடிக்கும்.

கேள்வி: மண்டபம் பார்க்க ஈப்போ போய்வந்தோம். பணப் பேச்சு வந்து, திரும்பி வரும் வழி முழுக்க அவள் பேசவே இல்லை, வீட்டு வாசலில் இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன்பே இப்படி என்றால் பின்னால் எப்படி? பயமாக இருக்கிறது அக்கா. – 29 வயது, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பயப்படாதீர்கள். பணத்தைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்னால் சண்டை போட்டது நல்லது. என்ன சண்டை என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் ஒன்றுதான் கேட்கிறேன். மண்டபத்துக்காரர் விலை சொன்னபோது அவளிடம் கேட்காமல் "சரி" என்றீர்களா, அல்லது அவர் முன்னாலேயே "இவ்வளவு முடியாது" என்று அவள் ஆசையை வெட்டினீர்களா? இரண்டில் ஒன்றாக இருந்தால் அவள் வாய் மூடியதற்குக் காரணம் பணம் இல்லை, வெளியாள் முன்னால் நடந்ததுதான்.

நாளைக்கே போன் போட்டு முதலில் மன்னிப்புக் கேளுங்கள், மண்டபப் பேச்சு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஈப்போ போங்கள், இந்தத் தடவை எந்த மண்டபத்துக்கும் போகாமல் புந்தோங் போய் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக்கொண்டு காரிலேயே உட்காருங்கள். உங்கள் சேமிப்பு எவ்வளவு, கார் கடன் எவ்வளவு, தங்கச்சி படிப்புக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று உங்கள் கணக்கை முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு அவள் சொல்லட்டும், நடுவில் பேசாமல் கேளுங்கள்.